டிடெக்டரோடு வயலில் இறங்கினால் என்ன கிடைக்கும்?

இங்கிலாந்துக்கு வேலைக்கு வந்து ஓராண்டான ஒருவர் கேட்டிருக்கிறார். உடன் வேலை செய்யும் நண்பர் ஞாயிற்றுக்கிழமை மெட்டல் டிடெக்டரோடு வயலுக்கு வரும்படி அழைக்கிறாராம். போனால் என்ன செய்ய வேண்டும், புதையல் கிடைக்குமா, கிடைத்தால் யாருக்குச் சொந்தம், பிடித்துப்போய் ஒரு கருவி வாங்கினால் ஊருக்குக் கொண்டுபோய் அங்கும் தேடலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

போங்கள். மழைக்கோட்டு, மண்டியிட்டால் கிழியாத பழைய கால்சட்டை, கையுறை, தண்ணீர் எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். புதையல் ஆசையை மட்டும் காரிலேயே வைத்துப் பூட்டிவிடுங்கள். ஒன்பது ஆண்டுகளாக சஃபோக் மாவட்டத்து வயல்களில் நடந்துகொண்டிருக்கிறேன். என் வீட்டில் தங்கம் என்று இருப்பதெல்லாம் மனைவி ஊரிலிருந்து கொண்டுவந்ததுதான்.

பொதுவாகப் பேசுவதைவிடச் சென்ற செப்டம்பரில் ஒரு நாள் எப்படிப் போயிற்று என்று சொல்கிறேன். உங்கள் கேள்விகளுக்கான பதில் வழியிலேயே வந்துவிடும்.

என்னோடு வருபவர் யாழ்ப்பாணத்துக்காரர், பளைப் பக்கம். இங்கே ஒரு கிராமத்தில் தபால் நிலையமும் மளிகையும் சேர்ந்த கடை நடத்துகிறார். நான் அவரை அண்ணன் என்பேன். அவருக்கு நான் தம்பி. எங்களுக்கு அந்த வயல் கிடைத்ததே அவர் கடையால்தான். காலையில் பாலும் செய்தித்தாளும் வாங்க வரும் விவசாயி ஒருநாள் சில்லறை மறந்துவிட்டார். "நாளைக்குக் கொடுங்கள்" என்று அண்ணன் சொன்ன பேச்சு எங்கெங்கோ சுற்றி நாற்பது ஏக்கரில் போய் முடிந்தது. இந்தப் பொழுதுபோக்கில் கருவியைவிட அரிதானது இந்த அனுமதிதான். இங்கே யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்று ஒன்று கிடையாது. பொதுப் பாதை ஓடினாலும் அதில் நடக்கலாமே தவிரக் கருவி போடக் கூடாது. குத்தகை நிலமென்றால் பயிரிடுபவரிடமும் கேட்க வேண்டும், நிலத்தின் சொந்தக்காரரிடமும் கேட்க வேண்டும். கிடைப்பதை எப்படிப் பகிர்வது என்பதையும் சேர்த்து எழுத்தில் வாங்கிவிடுங்கள். நாள்பட்ட நட்புகள்கூட எழுதாத பேச்சில் உடைந்திருக்கின்றன. தேடுவோர் தங்களுக்குள் பேசும்போது நிலத்தையே 'பெர்மிஷன்' என்றுதான் சொல்வார்கள். "உனக்கு எத்தனை பெர்மிஷன் இருக்கிறது?" என்று ஒருவர் கேட்டால் எத்தனை வயல் என்று பொருள்.

நண்பருடைய வயலுக்கு அனுமதி இருக்கிறதா என்பதோடு, அந்த இடம் பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடமில்லையே என்றும் கேளுங்கள். 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி அப்படிப்பட்ட இடத்தில் உரிய இசைவின்றிக் கருவியைப் பயன்படுத்துவதே குற்றம். விவசாயி சரி என்றாலும் செல்லாது. மெட்டல் டிடெக்டிங் தேசியக் கவுன்சிலில் உறுப்பினரானால் பிறருக்கு நம்மால் நேரும் சேதத்துக்கு 1 கோடி பவுண்டு வரையான பொறுப்புக் காப்பீடும் கூடவே வருகிறது. சந்தா சொற்பம், சேர்ந்துவிடுங்கள்.

அன்று காலை எட்டு மணிக்கு வயலில் இறங்கினோம். பார்லி அறுத்து, அரிதாளை மேலாக உழுது விட்டிருந்தார்கள். அடுத்த விதைப்புக்குப் பத்து நாள் இருந்தது. ஆண்டில் நமக்கு உரியது இந்த இடைவெளிதான். முளைத்த பயிரில் கால் வைத்தால் அடுத்த ஆண்டு அனுமதி இருக்காது. சஃபோக் மண் கனத்த களி, அதில் ஊரெல்லாம் சிக்கிமுக்கிக் கல். காலணியில் ஒட்டிக்கொண்டால் பதினோரு மணிக்குள் ஒவ்வொரு காலும் இரண்டு கிலோ கூடிவிடும்.

காலணி என்றதும் நினைவு வருகிறது. முதன்முதலில் நான் வயலுக்கு வந்தபோது, தொழிற்சாலையில் போடும் எஃகு முனை வைத்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு வந்தேன். நான்கு அடிக்கு ஒரு முறை தெளிவான சத்தம். அரை மணி நேரம் மகிழ்ச்சியாகக் குழி தோண்டினேன். எல்லாக் குழியும் என் வலது கால் இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதை அண்ணன்தான் கவனித்தார். எனக்கு முன்பே பெரியவர்கள் இப்படி ஏமாந்திருக்கிறார்கள் என்பது ஆறுதல். 1881இல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடலில் பாய்ந்த குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரகாம் பெல் இதே தத்துவத்தில் ஒரு கருவியைக் கட்டிக்கொண்டு போனார். படுக்கையில் கிடந்தவர் மேல் எங்கே வைத்தாலும் ஏதோ முனகல். மெத்தைக்குள் இருந்த எஃகுக் கம்பிச் சுருள்களை யாரும் யோசிக்கவில்லை.

தத்துவம் எளிதுதான். தரையை ஒட்டி ஓட்டும் தட்டுக்குள் செப்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. நொடிக்குப் பல ஆயிரம் முறை திசை மாறும் மின்சாரம் அதில் ஓடும்போது மண்ணுக்குள் ஒரு காந்தப்புலம் இறங்குகிறது. வழியில் உலோகம் இருந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் எழுகிறது. அது தன் பங்குக்கு ஒரு சிறு காந்தப்புலத்தைத் திருப்பி அனுப்புகிறது. தட்டிலுள்ள இன்னொரு சுருள் அதைப் பிடிக்கிறது. போனதற்கும் வந்ததற்கும் இடையே விழும் தாமதம் இரும்புக்கு ஒரு விதம், ஈயத்துக்கு ஒரு விதம், வெள்ளிக்கு ஒரு விதம். அதைத்தான் கருவி எண்ணாகத் திரையிலும் ஒலியாகக் காதிலும் தருகிறது. ஒரு காசை ஒரு சாண் ஆழத்தில் காட்டினால் நல்ல கருவி. பத்தடி ஆழத்துப் பானையைக் காட்டுவதாக விளம்பரம் செய்பவர்களையும், நம் ஊரில் வெற்றிலையில் மை தடவிப் பார்த்துப் புதையல் சொல்பவர்களையும் நான் ஒரே தராசில்தான் வைக்கிறேன்.

புதிதாக வருபவர்கள் எல்லோரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. வாசல் பெருக்குவதுபோல வீசி, இரு முனையிலும் தட்டைத் தூக்கிவிடுவார்கள். தட்டு தரையிலிருந்து நான்கு விரற்கடை உயர்ந்தால் மண்ணுக்குள் அந்த நான்கு விரற்கடை நட்டம். தட்டு தரையை உரசாமல் உரசுகிற மாதிரி, ஒரே மட்டத்தில், மெதுவாகப் போக வேண்டும். நாற்பது ஏக்கரையும் அன்றே முடிக்க வேண்டுமென்று யாரும் சொல்லவில்லை.

முதல் ஒன்றரை மணி நேரத்தில் நான் தோண்டியெடுத்தவை: வேட்டைத் துப்பாக்கித் தோட்டாவின் பித்தளை அடிப்பகுதி நான்கு, உருகி உறைந்த ஈயக் கட்டி ஒன்று, கசங்கிய அலுமினியத் தாள், குளிர்பான டப்பாவின் வளையம் இரண்டு, டிராக்டரில் மாட்டும் லிஞ்ச் பின் ஒன்று. டப்பா வளையத்தை ஏன் தோண்டுகிறீர்கள் என்பீர்கள். சிறிய தங்க மோதிரமும் அதுவும் கருவியில் ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் காட்டும். வளையத்தை ஒதுக்குகிறவன் மோதிரத்தையும் ஒதுக்குகிறான். லிஞ்ச் பின்னைத் தூக்கி எறியாமல் பையில் போடுங்கள். அது அறுவடை இயந்திரத்துக்குள் போனால் விவசாயிக்கு என்ன செலவாகும் என்று அவரே சொல்வார். எங்கள் விவசாயி நாங்கள் காட்டிய எந்தக் காசையும் அந்தப் பின்னைப் பார்த்த கண்ணோடு பார்த்ததில்லை.

சில வயல்களில் இதைவிட மோசம். குப்பைத்தொட்டியில் சேர்ந்த தோட்டக் கழிவை மக்க வைத்து உரமாக விற்கிறார்கள். அதில் பாட்டில் மூடியும் மின்கம்பித் துண்டும் பேட்டரியும் அரைபட்டுக் கலந்திருக்கும். அந்த உரம் ஒரு முறை விழுந்த நிலத்தில் கருவி ஓயாமல் கத்தும். ஈராயிரம் ஆண்டு தாங்கிய வயலை ஒரு லாரி உரம் செவிடாக்கிவிடுகிறது. இதைப் பற்றி நான் பேசத் தொடங்கினால் அண்ணன் ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்வார்.

பத்தரை மணிக்கு மேட்டுப்பக்க வேலியோரம் கணீரென்று ஒரு சிக்னல். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான ஆழம். மண்வெட்டியால் வட்டமாக வெட்டிப் புல்லும் வேருமாக ஒரு கட்டியைப் புரட்டி வைத்தேன். விரல் அளவிலுள்ள குறிகாட்டியைக் குழிக்குள் விட்டால் அது எங்கே அதிர்கிறதோ அங்கே பொருள். களிமண் உருண்டை ஒன்று வந்தது, பெரிய எலுமிச்சை அளவு. கட்டை விரலால் மண்ணைத் தள்ளியதும் பச்சை படிந்த வெண்கலம். மேலே கயிறு கோர்க்க ஒரு காது, கீழே வாய் பிளந்தமாதிரி ஒரு பிளவு, அதன் இரு முனையிலும் துளை. காதருகே வைத்து ஆட்டினேன். கிலுக்கென்றது. உள்ளே இருந்த இரும்பு மணி துருவேறியும் இன்னும் உருண்டுகொண்டிருந்தது.

சலங்கை. இங்கே இதைக் க்ரோட்டல் மணி என்கிறார்கள். குதிரைச் சேணத்திலும் வண்டியிலும் கட்டுவார்கள். குறுகிய பாதையில் எதிரே வண்டி வருவது தெரிய வேண்டுமே. மாட்டு வண்டிச் சலங்கை கேட்டு வளர்ந்த நமக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை. அடிப்பக்கத்தில் பூவிதழ் வேலைப்பாட்டுக்கு நடுவே ஆர், டபிள்யூ என்று இரண்டு எழுத்துகள் தெரிந்தன. வில்ட்ஷயர் மாவட்டத்து ஆல்ட்போர்ன் ஊரில் 18ஆம் நூற்றாண்டில் மணி வார்த்த ராபர்ட் வெல்ஸின் அடையாளம் அது. பட்டறை இருந்தது நாட்டின் அந்தப் பக்கம், மணி விழுந்தது இந்தப் பக்கம். அண்ணன் அதை வாங்கி நான்கைந்து முறை ஆட்டிப் பார்த்தார். திருப்பிக் கொடுக்க மனமில்லாமல்தான் கொடுத்தார்.

தேநீருக்கு வேலியோரம் உட்கார்ந்தபோது அவர் ஒரு விஷயம் சொன்னார். அவர் குடும்பத்துத் தென்னங்காணி முகமாலைப் பக்கம். போருக்குப் பின் அந்தப் பகுதியில் கண்ணிவெடி அகற்றும் வேலையை ஹாலோ டிரஸ்ட் போன்ற அமைப்புகள் ஆண்டுக்கணக்காகச் செய்தன. அவர்கள் கையிலிருந்ததும் இந்தக் கருவியின் உடன்பிறப்புதான். போலந்து நாட்டு அதிகாரி யூசெஃப் கொசாட்ஸ்கி 1941இல் ஸ்காட்லாந்தில் இருந்துகொண்டு வடிவமைத்த கண்ணிவெடி காட்டி, மறு ஆண்டு எகிப்தில் எல் அலமைன் போரில் பிரிட்டிஷ் படைக்கு வழி திறந்தது. நாம் பொழுதுபோக்காக ஆட்டுவது அந்த வம்சம். "அங்கே சத்தம் கேட்டால் எல்லோரும் பின்னால் போவோம் தம்பி. இங்கே எல்லோரும் முன்னால் ஓடி வருகிறீர்கள்" என்றார் அண்ணன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. இதில் உங்களுக்கும் ஒரு செய்தி இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் கிழக்கு இங்கிலாந்தெங்கும் விமானத் தளங்கள் இருந்தன. குண்டு மாதிரி எது தென்பட்டாலும் தொடாமல், இடத்தைக் குறித்துக்கொண்டு, விலகிப் போய்க் காவல் துறையைக் கூப்பிடுங்கள்.

மதியத்துக்கு மேல் சரிவின் கீழ்ப்பகுதிக்குப் போனோம். அந்த இடத்தை அண்ணன் கண்ணால் தேர்ந்தெடுத்தார். மற்ற இடத்தைவிட மண் கறுத்திருந்தது. உழவுசாலில் செங்கல் நிறத்து ஓட்டுச் சில்லுகளும் சிப்பி ஓடுகளும் கிடந்தன. கடல் பல மைல் தள்ளி இருக்கும்போது வயலில் சிப்பி ஓடு கிடந்தால், யாரோ அங்கே உட்கார்ந்து தின்றிருக்கிறார்கள். கருவியை மட்டும் நம்பி நடப்பவர்களுக்கு இது தெரியாது. அவர்கள் நடுவயலில் நாள் முழுக்க நடந்துவிட்டு இந்த நிலத்தில் ஒன்றுமில்லை என்று போய்விடுவார்கள்.

கால் மணி நேரத்தில் மெல்லிய, தயங்கித் தயங்கி வரும் ஒரு சிக்னல். கட்டியை உடைத்தபோது சட்டைப் பொத்தான் அளவில் பச்சைச் செப்பு வட்டம் ஒன்று. ஈரக் கையால் தொட்டுப் பார்க்கும் முன்பே அண்ணன் குரல் கொடுத்தார்: "தம்பி, நில்லும். துடையாதேயும்."

அவர் பதறியதற்குக் காரணம் என் பழைய பாவம். இரண்டாம் ஆண்டிலேயே எனக்கு ஒரு ரோமானியச் செப்புக்காசு கிடைத்தது. வீட்டுக்குக் கொண்டுவந்தேன். செம்பு என்றால் நமக்கு என்ன தோன்றும்? புளி. குத்துவிளக்குக்குச் செய்வதுபோலப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தேன். காசு தகதகவென்று வந்தது. பேரரசரின் முகம்தான் வரவில்லை. மண்ணுக்குள் பல நூற்றாண்டு கிடந்த செப்பில் முகமும் எழுத்தும் நிற்பது அந்தப் பச்சைத் தோலில்தான். அதை உரித்தால் அடியில் இருப்பது வெறும் தகடு. பித்தளைச் சாமான் விளக்கும் எந்தப் பொருளும் வயல் காசுக்குக் கிட்டே போகக் கூடாது. காயவிடுங்கள், மண் தானாக உதிரட்டும், மற்றதைத் தெரிந்தவரிடம் விடுங்கள். அன்று நான் மதிய உணவுக்குக் கொண்டுபோனது புளியோதரை. அண்ணன் சும்மா விடவில்லை.

அன்றைய காசில், காய்ந்த பிறகு, நடுவே ஒரு படைக் கொடியும் இரு புறமும் ஈட்டி பிடித்த வீரர்கள் இருவரும் மங்கலாகத் தெரிந்தார்கள். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் குடும்பத்தார் 330களில் அடித்து நாடெங்கும் இறைத்த வகை. தேடுவோர் இவற்றைக் கேவலமாகவே பேசுவார்கள், அவ்வளவு மலிவு. எனக்கு இவற்றின்மேல் ஒரு பாசம். நான் கரூர்க்காரன். அமராவதி ஆற்று மணலைச் சலித்துக் காசு பொறுக்குபவர்களைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். அவர்கள் சல்லடையில் சேர மன்னர் காசோடு வந்ததும் இதே 4ஆம் நூற்றாண்டு ரோமானியச் செப்புக்காசுகள்தான், இதே பொத்தான் அளவு, இதே தேய்மானம். இலங்கையிலும் இவை ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. அங்கேயே அச்சடித்த போலிகளும் உண்டு. சஃபோக் களிமண்ணில் ஒரு கரூர்க்காரனும் ஒரு பளைக்காரரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த காசு இரண்டு பேருடைய ஊரிலும் புழங்கியது. ஒரு பவுண்டுக்குக்கூட யாரும் வாங்க மாட்டார்கள்.

நான்கு மணிக்கு, போகலாம் என்று நினைத்தபோது, வெள்ளி வந்தது. நகத்தைப் பாதியாக வெட்டியதுபோல ஒரு அரைவட்டம், தாள் கனம். இதை உடைந்த காசு என்று எறிந்துவிடாதீர்கள். 1279க்கு முன் இங்கே புழங்கிய காசு பெரும்பாலும் வெள்ளிப் பென்னி ஒன்றுதான். அரைக் காசு வேண்டுமென்றால் அதையே பாதியாக வெட்டுவார்கள், கால் காசுக்கு நாலாக. பின்புறத்தில் அடித்திருக்கும் சிலுவையே வெட்டுக் கோடு. ஓரத்தைச் சுரண்டி வெள்ளி திருடுபவர்கள் பெருகியதால் 1247இல் சிலுவையின் கைகளை விளிம்பு வரை நீட்டினார்கள். என் பாதிக் காசில் சிலுவை விளிம்பைத் தொட்டது. ஆக அது 1247க்குப் பிறகு அடித்தது. மீதிப் பாதி எந்த ஊரில் என்ன வாங்கப் போயிற்றோ.

இப்போது சட்டம். அந்த அரைக் காசு வெள்ளிதான், எழுநூறு ஆண்டுக்கு மேல் பழையதுதான். ஆனாலும் சட்டப்படி அது புதையல் இல்லை. 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்குப் பொருந்தும். அதன்படி 300 ஆண்டுக்குக் குறையாத பழமையும் பத்து விழுக்காட்டுக்குக் குறையாத பொன் அல்லது வெள்ளியும் உள்ள பொருள் புதையல். காசென்றால் ஒரே இடத்தில் குறைந்தது இரண்டு கிடைத்திருக்க வேண்டும், செப்புக்காசென்றால் பத்து. வரலாற்றில் தனிச் சிறப்புள்ள பொருள் 200 ஆண்டுப் பழமையானாலும் போதும் என்று 2023இல் சேர்த்தார்கள். புதையல் என்று தெரிந்த 14 நாளுக்குள் அந்தப் பகுதி கொரோனரிடம், அதாவது திடீர் மரணங்களோடு புதையலையும் விசாரிக்கும் அதிகாரியிடம், தெரிவிக்க வேண்டும். நடைமுறையில், மாவட்டந்தோறும் இருக்கும் தொல்பொருள் பதிவு அலுவலரிடம் சொன்னால் அவரே வழிகாட்டுவார். அருங்காட்சியகம் விரும்பினால் சந்தை விலை மதிப்பிட்டு வாங்கிக்கொள்ளும்; அந்தத் தொகை வழக்கமாகக் கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் பாதிப்பாதி. யாருக்கும் வேண்டாமென்றால் பொருள் திரும்ப வந்துவிடும். ஸ்காட்லாந்தில் வேறு சட்டம். அங்கே பழம்பொருள் எதுவானாலும் தெரிவித்தாக வேண்டும். எல்லை தாண்டும் முன் நினைவிருக்கட்டும்.

உண்மையான புதையல் எதிர்ப்பட்டால் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: தோண்டுவதை நிறுத்துங்கள். 1992 நவம்பரில் இதே சஃபோக்கில் ஹாக்ஸன் கிராமத்து விவசாயி தொலைத்த சுத்தியலைத் தேட, எரிக் லாஸ் என்ற ஓய்வுபெற்றவர் கருவியோடு போனார். பொன்னும் வெள்ளியும் வரத் தொடங்கியதும் கொஞ்சம் எடுத்தவர் நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னார். மறுநாளே தொல்லியலாளர்கள் வந்து முறையாகத் தோண்டினார்கள். 14,865 ரோமானியக் காசுகள், கூடவே நகைகள், வெள்ளிச் சாமான்கள். மதிப்பு 17.5 லட்சம் பவுண்டு. அவர் நிறுத்தியதால் காசைவிட முக்கியமான ஒன்று தெரிந்தது. எல்லாமே ஒரு மரப்பெட்டிக்குள் எப்படி அடுக்கப்பட்டிருந்தன, உள்ளே சின்னச் சின்னப் பெட்டிகள் எத்தனை இருந்தன என்பதை, மக்கிப்போன மரத்தின் தடத்தையும் மிஞ்சிய குட்டி வெள்ளிப் பூட்டுகளையும் வைத்துச் சொல்ல முடிந்தது. அந்த அடுக்கில் நான்கு மிளகுக் குப்பிகளும் இருந்தன. ஒன்று அலங்கரித்த பெண்ணின் மார்பளவுச் சிலை. அடித்தட்டைத் திருகினால் மிளகுத்தூளை நிரப்ப ஒரு நிலை, தூவ ஒரு நிலை, மூட ஒரு நிலை. முசிறிக்குப் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய யவனர் கதையின் மறுமுனையை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அந்தக் கண்ணாடிப் பேழைக்கு முன் நின்று பார்க்கலாம். தேடிப்போன சுத்தியலும் கிடைத்தது. அதுவும் இப்போது அதே அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது.

2010இல் சோமர்செட் மாவட்டத்து ஃப்ரூம் அருகே டேவ் கிரிஸ்ப் என்பவரும் பானையின் வாயைப் பார்த்ததும் மண்ணைத் திரும்ப மூடிவிட்டு ஆளனுப்பினார். 52,503 காசுகள், 160 கிலோ. அடுக்கடுக்காக எடுத்ததால், காலத்தால் பிந்திய காசுகள் பல பானைக்குள் கீழே கிடந்தது தெரிந்தது. ஆகவே அது ஆண்டுக்கணக்கில் சேர்த்த சேமிப்பில்லை, ஒரே நேரத்தில் கொட்டி நிரப்பியது என்று முடிவுக்கு வந்தார்கள். அவரே ஆசையில் வாளி வாளியாக அள்ளியிருந்தால் நமக்கு மிஞ்சியிருப்பது ஒரு காசுக் குவியல் மட்டும்.

மறுபக்கமும் உண்டு. 2015இல் ஹெரஃபர்ட்ஷயரில் நண்பர்கள் இருவர் வைக்கிங் காலத்துப் புதையலைக் கண்டெடுத்து மறைத்தார்கள். கைப்பேசியில் அழித்த படங்களைக் காவல் துறை மீட்டெடுத்தபோது, மண்ணில் கிடந்த நிலையிலேயே காசுகள் தெரிந்தன. ஏறக்குறைய முந்நூறு காசுகளில் அந்த வழக்கின்போது மீட்க முடிந்தது சுமார் முப்பது. 2019இல் ஒருவருக்குப் பத்து ஆண்டும் மற்றவருக்கு எட்டரை ஆண்டும் சிறை. மேல்முறையீட்டில் பிறகு குறைந்தது. முறைப்படி சொல்லியிருந்தால் இருவரும் பணக்காரர்கள்.

உங்களுக்கும் எனக்கும் அப்படிப்பட்ட பானை வரப்போவதில்லை. வருவது தேய்ந்த காசும் ஈயமும். ஆனால் அதே விதி அதற்கும்தான். ஒவ்வொரு பொருளையும் தனிச் சிறு பையில் போட்டுக் கைப்பேசி காட்டும் வரைபடக் கட்ட எண்ணை, அதாவது கிடைத்த இடத்தைக் குறிக்கும் எண்ணை, அதன்மேல் எழுதுங்கள். பத்து இலக்கம் எழுதினால் ஒரு மீட்டர் வரை இடம் சுத்தமாகத் தெரியும். எங்கள் வயலில் மூன்று ஆண்டில் பதினொரு ரோமானியக் காசுகள், எல்லாம் மலிவுச் சரக்கு. பதிவு அலுவலர் அவற்றை வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்டினார். ஒன்பது ஒரே கோட்டில், சிப்பி கிடந்த சரிவை நோக்கி. பழைய பாதையாக இருக்கலாம் என்றார். காசுகளை மேசையில் குவித்து வைத்திருந்தால் அந்தக் கோடு எங்கே இருந்திருக்கும்? பதிவு முடிந்ததும் காசெல்லாம் எங்களிடமே வந்துவிட்டன. இப்படி 1997 முதல் மக்கள் தாங்களாகக் கொண்டுவந்து பதிந்த பொருள்கள் 15 லட்சத்தைத் தாண்டிவிட்டன.

ஒன்றை விட்டுவிட்டேன். உழவு புரட்டும் ஆழத்துக்குக் கீழே போகாதீர்கள். மேல்மண் ஏற்கெனவே கொழு கலக்கியது. அதற்குக் கீழே சிக்னல் தொடர்ந்தால் மூடிவிட்டு அலுவலரைக் கேளுங்கள். குழியை மூடி, காலால் மிதித்து, வயல் கதவு வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே விட்டுவிட்டு வாருங்கள்.

கடைசிக் கேள்வி, ஊருக்குக் கொண்டுபோவது. வேண்டாம். இந்தியாவில் இன்றும் நடப்பில் இருப்பது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். மண்ணுக்குள் மறைந்திருந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதென்றால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய்தான், பிழையில்லை. சொல்லாமல் வைத்துக்கொண்டால் சிறைகூட உண்டு. பாதுகாக்கப்பட்ட இடங்களில் உரிமமின்றித் தோண்டுவதற்கு 1958ஆம் ஆண்டுச் சட்டமும், பழம்பொருளை உரிமமின்றி விற்பதற்கும் நாட்டுக்கு வெளியே கொண்டுபோவதற்கும் 1972ஆம் ஆண்டுச் சட்டமும் தடை போடுகின்றன. இங்கே இருப்பதுபோல் பக்கத்து அலுவலரிடம் ஒரு பையை நீட்டிப் பதிந்துகொண்டு திரும்பி வரும் ஏற்பாடு அங்கே இல்லை. அது இல்லாத இடத்தில் கருவி போடுவது வரலாற்றைக் கிளறிக் கொட்டுவதில்தான் முடியும். போதாக்குறைக்கு, நீங்கள் தட்டை ஆட்டிக்கொண்டு நடக்கும் இரண்டாம் நாள் ஊரே பின்னால் வரும்.

நானும் ஒருமுறை ஆசைப்பட்டேன், வேறு காரணத்துக்கு. மாட்டுத் தொழுவத்தில் அம்மாவின் தோட்டுத் திருகாணி விழுந்துவிட்டது. "உன் மிஷின் இருந்தால் எடுத்துவிடலாமே" என்று தொலைபேசியில் சொன்னார். அரிசியளவுத் தங்கத்தை இந்தக் கருவி பிடிப்பது கடினம் என்று சுழல் மின்னோட்டம் முதல் விளக்கிக்கொண்டிருந்தேன். நான் முடிப்பதற்குள் அம்மா தொழுவத்து மண்ணைச் சல்லடையில் சலித்து எடுத்துவிட்டார்.